இரண்டாவது சுற்று

சாந்தாமணி பத்தொன்பது வருசம் கழித்து மறுபடியும் ஓட ஆரம்பித்தது மகளுக்காகத்தான். எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னாள். கொஞ்ச நாளைக்கு அது உண்மையாகவும் இருந்தது.

அவளுடைய அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் கிளார்க்காக இருந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் அவள் காலேஜில் எண்ணூறு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தாள். எழுபத்தேழில் யுனிவர்சிட்டி மீட்டில் ரெண்டு நிமிசம் இருபத்தொரு செகண்டில் இரண்டாவதாக வந்தாள். மெட்ராஸில் நடக்கும் பயிற்சி முகாமுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்த அதே வாரத்தில்தான் பாலுசாமி வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். இருகூரில் பத்து ஏக்கர் தோட்டம், ஒரே பையன். அப்பா கடிதத்தை ஒளித்து வைக்கவில்லை. அவள் கையிலேயே கொடுத்து, "நீயே சொல்லு கண்ணு" என்றார். அவர் முகம் இருந்த இருப்பில் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பாலுசாமி கெட்டவன் இல்லை. குடிக்கமாட்டான், குரலை உயர்த்தமாட்டான். கிணறு வற்றியதும் நாலு ஏக்கரை விற்று லேத்துப் பட்டறை போட்டான். பம்புக்கு உதிரிபாகம் செய்து கொடுத்து நாலு பேர் மதிக்கிற ஆளாகிவிட்டான். கல்யாணமாகி ஐந்து வருசம் கழித்து ஒரே ஒரு மகள், லோகப்பிரியா.

தொண்ணூற்றாறில் லோகப்பிரியா ஒன்பதாவது படித்தாள். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் யாரோ வரவில்லையென்று டீச்சர் இழுத்து நிறுத்தியதில் நானூறு மீட்டர் ஓடி இரண்டாவதாக வந்தாள். கையில் எவர்சில்வர் டம்ளரோடு வீட்டுக்கு வந்தவளை சாந்தாமணி கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த திங்கட்கிழமையே அவளை நஞ்சுண்டன் மாஸ்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

நஞ்சுண்டனுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது இருக்கும். மில் டீமில் ஓடிய ஆள். மில்லை மூடியபிறகு, சிங்காநல்லூர் ஏரிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த மில் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஓடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கைநீட்டி ஒரு பைசா வாங்கமாட்டார். காலை ஐந்தே முக்காலுக்கு எல்லாப் பிள்ளைகளும் அங்கே இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

பொட்டப்பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது என்று சாந்தாமணியும் கூடப் போனாள். புளியமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாவது வாரம் நஞ்சுண்டன் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"மொதச் சுத்து நல்லாத்தானுங்க ஓடுது. ரெண்டாவது சுத்துல உட்டுப்போடுது. கூட ஓடறதுக்கு அதே வேகத்துல ஒரு ஆளு வேணுமுங்க அம்மிணி. பசங்கள உட்டா முன்னால போயிடறானுக, சின்னதுகள உட்டா பின்னால நின்னுக்குதுக."

சாந்தாமணி எழுந்தாள். செருப்பைக் கழற்றி மரத்தடியில் வைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டாவது சுற்றுக்குத் திரும்பிய மகளோடு சேர்ந்துகொண்டாள்.

"அம்மா! ஏனுங்கம்மா இது!" என்று லோகப்பிரியா ஓடிக்கொண்டே சிரித்தாள். மற்றப் பிள்ளைகளெல்லாம் கை தட்டின. சாந்தாமணி முக்கால் சுற்று கூடவே ஓடினாள். அப்புறம் மரத்தடிக்குப் போய்க் குனிந்து, குடித்திருந்த காபியெல்லாம் வாந்தி எடுத்தாள். லோகப்பிரியா ஓடிவந்து முதுகைத் தடவிவிட்டாள். "போதுங்கம்மா, வாங்க ஊட்டுக்குப் போலாம்" என்றாள். அம்மாவும் மகளும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்த நாள் அது. அப்படி இன்னொரு நாள் பிறகு வாய்க்கவில்லை.

ஒரு வாரத்தில் சாந்தாமணி கேன்வாஸ் ஷூவும் இரண்டு சுடிதாரும் வாங்கிவிட்டாள். டாக்டர் அவளுக்குச் சர்க்கரை வரும்போல இருக்கிறது, நடங்கள் என்று சொல்லியிருந்ததால் பாலுசாமி ஒன்றும் கேட்கவில்லை. "புள்ளையும் கூட வருதல்ல, போயிட்டு வா" என்றான்.

ஜூலையில் அவளால் இரண்டு சுற்று நிற்காமல் ஓட முடிந்தது. ஆகஸ்டில் மகளுக்கு இணையாக ஓடினாள். செப்டம்பர் நடுவில் ஒருநாள், கடைசி நூறு மீட்டரில், மகளைத் தாண்டிப் போனாள். தாண்டவேண்டும் என்று நினைத்து ஓடவில்லை. கால் தானாகப் போயிற்று. பின்னால் மகளுடைய மூச்சு கேட்டது. முதலில் தோளுக்குப் பக்கத்தில், அப்புறம் நாலடி தள்ளி, அப்புறம் கேட்கவே இல்லை. கோட்டைத் தாண்டி நின்றபோது நெஞ்சில் ஏதோ இனித்தது. லோகப்பிரியாவைப் பெற்றெடுத்த அன்றுகூட அவளுக்கு அப்படி இனித்ததில்லை.

"ரெண்டு அம்பத்திமூணு" என்றார் நஞ்சுண்டன், கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து. "அம்மிணி, உங்க வயசுக்கு இது சாதாரணமில்லீங்க."

லோகப்பிரியா கையை முட்டியில் ஊன்றிக் குனிந்து நின்றாள். அவளுடைய நேரத்தை அன்று யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் அதுதான் நடந்தது. சாந்தாமணி மகளைத் தாண்டிப் போவாள். போய், கோட்டில் நின்று திரும்பி, வருகிறவளைப் பார்த்துச் சத்தம் போடுவாள். "கையை ஆட்டு! என்ன அது, தண்ணிக்கொடம் தூக்கிட்டு வர்றவளாட்ட வாரே?" மற்றப் பிள்ளைகள் சிரிக்கும். அதெல்லாம் மகளுக்கு ரோசம் வரட்டும் என்றுதான் என்று சாந்தாமணி நினைத்துக்கொள்வாள். வீட்டில் மகளுடைய தட்டிலிருந்து மூன்றாவது இட்லியை எடுத்து வைத்தாள். நெய்யை நிறுத்தினாள். "உன் வயசுல நான் குச்சியாட்ட இருந்தேன்" என்றாள். மாதாந்திர நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த பெண்ணைப் போர்வையை உருவி எழுப்பினாள்.

"இன்னைக்கு முடியலீங்கம்மா."

"எனக்கெல்லாம் யாரு ஒரு நாளு லீவு குடுத்தா? எந்திரி. ஓடுனா சரியாப் போயிரும்."

அன்று மைதானத்தில் லோகப்பிரியாவின் முகம் வெளுத்துப்போயிருந்ததைப் பார்த்து நஞ்சுண்டன் அவளை மரத்தடியில் உட்காரச் சொன்னார். சாந்தாமணியிடம் வந்து, "புள்ளைக்கு முடியலீனா உட்ருங்க அம்மிணி. ஓட்டம் எங்கயும் போயிறாது" என்றார்.

"நீங்க செல்லங் குடுத்துத்தானுங்க மாஸ்டர் இது இப்பிடி இருக்குது" என்று சொல்லிவிட்டு அவள் தன் சுற்றை ஓடப் போனாள்.

அக்டோபர் கடைசியில் ஒருநாள், மழை பெய்து காய்ந்து தரை இறுகிக் கிடந்தது. ஓடிக்கொண்டிருந்த சாந்தாமணிக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. "அம்மா" என்று கத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நஞ்சுண்டன் வந்தார், எந்தப் பிள்ளைக்கும் செய்வதைப்போல எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, பாதத்தை மேலே தள்ளிப் பிடித்து, கெண்டைச்சதையைக் கட்டைவிரலால் நீவிவிட்டார். இரண்டு நிமிசம் இருக்கும். பத்துப் பிள்ளைகளும் சுற்றி நின்று பார்த்தன. லோகப்பிரியாதான் தண்ணீர் ஊற்றினாள். "காலு இருவது வயசுப் புள்ளை காலாட்டத்தானுங்க இருக்குது. தண்ணி பத்தலை, அவ்வளவுதான்" என்று சொல்லி எழுந்தார். சாந்தாமணி அந்த வார்த்தையை அன்றைக்கு முழுக்க, துணி துவைக்கும்போதும் மாவு ஆட்டும்போதும், மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நவம்பரில் பள்ளிக்கூடங்களுக்கான போட்டி வந்தது. எண்ணூறு மீட்டரில் முதல் மூன்று பேர் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். லோகப்பிரியா முதல் சுற்றில் இரண்டாவதாகப் போனாள். இரண்டாவது சுற்றில் கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்றிருந்த அம்மாவைக் கடக்கும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அத்தோடு கால் பின்னிக்கொண்டது. ஐந்தாவதாக வந்தாள்.

போட்டி முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தன. லோகப்பிரியா புல்லில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சாந்தாமணி அவள் முன்னால் வந்து நின்றாள்.

"கட்டு அதை."

"ஏனுங்கம்மா?"

"மறுபடியும் ஓடு. ரெண்டு சுத்து. நானும் வாரேன்."

"எல்லாரும் பாக்கறாங்கம்மா."

"பாக்கட்டும். எப்பிடி ஓடறதுன்னு நீயும் பாரு."

நஞ்சுண்டன் "வேண்டாங்க அம்மிணி, இப்பத்தான் ஓடியிருக்குது" என்று குறுக்கே வந்தார். சாந்தாமணி அவரைத் தாண்டிக்கொண்டு கோட்டில் போய் நின்றுவிட்டாள். லோகப்பிரியாவுக்கு வேறு வழி இல்லை. போய் நின்றாள்.

அம்மாவும் மகளும் ஓடுகிறார்கள் என்றதும், கேட் வரைக்கும் போன கூட்டம் திரும்பி வந்து வேலியோரம் நின்றது. முதல் சுற்றிலேயே சாந்தாமணி முப்பது மீட்டர் முன்னால் போய்விட்டாள். இரண்டாவது சுற்றில் அறுபது மீட்டர். சனம் கை தட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். முப்பத்தொன்பது வயதுப் பொம்பளை, நெற்றிப் பொட்டு வியர்வையில் வழிய, வாயைத் திறந்துகொண்டு ஓடி வந்து கோட்டைத் தாண்டினாள். விளையாட்டு டீச்சர்கள் இரண்டு பேர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "முப்பத்தஞ்சு வயசு தாண்டினவங்களுக்குன்னே வெட்டரன்ஸ் மீட்டு இருக்குது, அதுல ஓடுங்க. மாசி மாசம் நம்ம ஊருலயே நடக்குது" என்றார்கள். அவள் சிரித்துக்கொண்டு அவர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். மகள் எப்போது வந்து சேர்ந்தாள் என்று கவனிக்கவில்லை.

பஸ்ஸில் லோகப்பிரியா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். சாந்தாமணிக்கு அவள் மேல் பரிதாபம் வந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"ரத்தம் என்னுதுதான் கண்ணு. என்ன பண்றது, காலு உங்கப்பன் ஊட்டுக் காலாப் போச்சு."

மகள் திரும்பி அவளைப் பார்த்தாள். அழவில்லை. "சரிங்கம்மா" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாலுசாமி ஞாயிறு மட்டும்தான் வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிடுவான். அரிசியும்பருப்புச் சோறும் தயிரும் வைத்திருந்தாள். சாந்தாமணி அப்பளம் பொரிக்கச் சமையலறைக்குப் போயிருந்தாள். அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா ரொம்ப நல்லா ஓடறாங்கப்பா" என்றாள் லோகப்பிரியா. பணிவான, சின்னக் குரல். "எல்லாரும் கை தட்டுனாங்க. மாஸ்டர்கூட அன்னைக்கு அம்மா காலை அமுக்கியுட்டுச் சொன்னாருங்க, இருவது வயசுப் புள்ளை காலாட்ட இருக்குதுன்னு."

எண்ணெயில் அப்பளம் சிவந்துபோகிற வரைக்கும் சாந்தாமணி கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஒன்றைக்கூட மகள் கூட்டிச் சொல்லவில்லை. சுற்றி நின்ற பத்துப் பிள்ளைகளையும், இழுத்துக்கொண்ட நரம்பையும் மட்டும் விட்டுவிட்டாள்.

பாலுசாமி சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினான். துண்டில் துடைத்துக்கொண்டான். "சாந்தா, சித்தெ இங்க வா" என்றான். சத்தமில்லாத குரல். அந்தக் குரலில் அவன் பட்டறை ஆட்களைக் கணக்குத் தீர்த்து அனுப்புவதை அவள் கேட்டிருக்கிறாள்.

"அந்த ஆளு உன் காலைப் புடிச்சானா?"

நரம்பு இழுத்துக்கொண்டது, எல்லாப் பிள்ளைகளும் பக்கத்தில் இருந்தன, அவருக்கு அப்பா வயசு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒருவேளை இரண்டு நாள் பேசாமல் இருப்பான். மூன்றாம் நாள், இனிமேல் அங்கே போகவேண்டாம் என்பான். ஷூ பரணுக்குப் போய்விடும். மாசி மாசம் வரும், போகும். இதெல்லாம் அவளுக்கு ஒரே நொடியில் ஓடிற்று. வாசற்படியில் கையில் எச்சிலோடு நின்ற மகளைப் பார்த்தாள். மகள் கண்ணில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தாள்.

"என் காலில்லீங்க" என்றாள் சாந்தாமணி. "புள்ளை காலுங்க."

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. வந்தபிறகு அதை நிறுத்தவும் முடியவில்லை.

"ரெண்டு மூணு தடவை பாத்தனுங்க. சுளுக்கு, நரம்புன்னு சொல்லித் தொடறதுங்க. உங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு இருந்தேன். அதுக்குத்தானுங்க நானும் கூடவே ஓடறது. தனியா உடலாமுங்களா?"

பாலுசாமி மகள் பக்கம் திரும்பினான். "நெசமா கண்ணு?"

"இல்லீங்கப்பா!" லோகப்பிரியாவின் குரல் கிறீச்சிட்டது. "என்னைத் தொடவே இல்லீங்க. அம்மா காலுங்கப்பா. அம்மாவுக்குத்தானுங்க நரம்பு இழுத்துச்சு. நான் தண்ணி ஊத்துனனுங்க. மாஸ்டர் நல்லவருங்கப்பா."

"பயந்துட்டுச் சொல்றாளுங்க" என்றாள் சாந்தாமணி. "பதினாலு வயசுப் புள்ளை. அப்பன்கிட்ட எப்பிடி ஒத்துக்குவா?"

பாலுசாமி மகளை ரொம்ப நேரம் பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது. எழுந்துபோய் அவள் தலையைத் தடவினான். "நீ ஒண்ணும் பயப்படாத சாமி. அப்பா பாத்துக்கறேன்." நல்லவரென்று அவள் சொன்னதுதான் அவனுக்குப் பெரிய சாட்சியாகப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலையில் பட்டறை போர்மேன் அங்கப்பனும் இன்னொருத்தனும் மைதானத்துக்குப் போனார்கள். பிள்ளைகள் வருவதற்கு முன்னாலேயே நஞ்சுண்டன் வந்து கோடு போட்டுக்கொண்டிருப்பார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லி அனுப்பியது சாந்தாமணிதான் என்று ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. கம்பியால் இடது முட்டியில் அடித்தார்கள். சீக்கிரம் வந்துவிட்ட இரண்டு பையன்கள் ஏரிமேட்டில் நின்று பார்த்துவிட்டு ஓடிப்போய்விட்டார்கள். அவர் சுண்ணாம்புச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டே ரோடு வரைக்கும் வந்ததாக அப்புறம் சொன்னார்கள். முட்டி மூன்றாக உடைந்திருந்தது. ஏழு வாரம் ஆஸ்பத்திரி.

போலீசுக்கு அவர் போகவில்லை. போயிருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்? அதற்குள் சிங்காநல்லூர் முழுக்கப் பேச்சுப் பரவிவிட்டது. கிழவன் பொட்டப்பிள்ளை மேல் கை வைத்தானாம். பத்துப் பிள்ளைகளின் அம்மாக்களும், அவரவர் பிள்ளையை உட்காரவைத்து உன்னையும் தொட்டானா என்று கேட்டார்கள். இல்லையென்று சொன்ன பிள்ளைகளையும் யாரும் நம்பவில்லை.

அந்த வாரமே லோகப்பிரியாவைக் கொடுமுடிக்கு அனுப்புவதென்று பாலுசாமி முடிவு செய்தான். அங்கே அவன் அக்கா பழனாத்தாள் இருந்தாள். கட்டுப்பாடான வீடு, வெளியே போனால் வந்தால் கேள்வி கேட்கிற வீடு. பள்ளிக்கூடத்தை மாற்றிக்கொள்ளலாம். "ஊரு வாயில உழுந்த புள்ளை, கொஞ்ச நாளு தள்ளி இருக்கட்டும்" என்றான்.

முந்தின நாள் சாயங்காலம் சாந்தாமணி மகளுடைய பாவாடைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். லோகப்பிரியா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். இரண்டு நாளாக அம்மாவிடம் பேசாதவள்.

"அம்மா, நான் வேணும்னுதானுங்க அப்பிடிச் சொன்னேன்" என்றாள். "அப்பா உங்களைப் போகவேண்டாம்னு சொல்லிருவாருன்னுதான் சொன்னேன். தப்புதானுங்க."

சாந்தாமணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு ஓட்டமே வேண்டாங்கம்மா. நீங்களே ஓடுங்க. நான் அப்பாகிட்ட ஒண்ணுமே சொல்லமாட்டேன். ஊட்டுலயே இருந்துக்கறனுங்க. மூணு நேரமும் நானே சோறாக்கி வெக்கறேன்." தரையில் உட்கார்ந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. மாஸ்டர் என்னைத் தொடலைன்னு. பள்ளிக்கூடத்துல எல்லாரும் என்னையப் பாக்கறாங்க. கெழவங்கூட என்ன பண்ணுனேன்னு கேக்கறாளுகம்மா."

குழந்தையின் கை சூடாக இருந்தது. ஓடி ஓடிக் கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. இப்போது எழுந்துபோய்ச் சொல்லிவிடலாம். பாலுசாமி வெளியில்தான் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கிறான். பத்தடி தூரம். சொன்னால் என்ன நடக்கும் என்று நினைத்தாள். முட்டி உடைந்தது உடைந்ததுதான். அது யாருக்காக உடைந்தது என்பது மட்டும்தான் மாறும்.

காலை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "அங்க அத்தை நல்லாப் பாத்துக்குவாங்க" என்றாள். "காவிரித் தண்ணி. ஒடம்புக்கு நல்லது."

லோகப்பிரியா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அவள் அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகு எப்போதும் கேட்கவில்லை.

பாலுசாமிக்கு மனைவி மேல் மரியாதை கூடிவிட்டது. பிள்ளையைக் காப்பதற்காக இந்த வயதில் கூடவே ஓடியவள் என்று சொந்தபந்தத்திடம் சொன்னான். மைதானத்துக்கு இனி வேண்டாம், ஆனால் சர்க்கரைக்கு நடக்கத்தானே வேண்டும் என்று அவனே சொல்லி, காலையில் பட்டறைக்குப் போகிற வழியில் அவளை ஸ்டேடியத்தில் இறக்கிவிட்டான். வெட்டரன்ஸ் மீட் நடத்துகிற கிளப்பின் தலைவர் அவனிடம் பம்பு வாங்குகிறவர். அவர் ஒரு வார்த்தை சொன்னதும் பாலுசாமி சந்தோசமாகப் பெயர் கொடுத்துவிட்டான்.

மாசி மாதம், வெயில் ஏறாத ஒரு சனிக்கிழமை. பாலுசாமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். கோட்டில் நின்றபோது சாந்தாமணிக்குப் பயமாக இருந்தது. ஓடும்போது மகள் ஞாபகம் வரும், மாஸ்டர் ஞாபகம் வரும், கால் அப்படியே நின்றுவிடும் என்று பயந்தாள். துப்பாக்கி வெடித்தது. முதல் சுற்று வந்தது, இரண்டாவது சுற்று வந்தது. ஒருத்தர் ஞாபகமும் வரவில்லை. கடைசி வளைவில் காற்று காதில் அடித்தபோது அவள் அவ்வளவு சந்தோசமாக இருந்தாள். ரெண்டு நாப்பத்தாறு. முதலிடம். மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. பாலுசாமி அதை வெட்டிப் பட்டறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினான்.

பங்குனியில் ஒருநாள் கொடுமுடிக்குப் போக சாந்தாமணி சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். பையில் மகளுக்கு ஒப்பிட்டும் முறுக்கும் இருந்தன. போன தடவை போயிருந்தபோது லோகப்பிரியா வீட்டுக்கு வந்த ஒறம்பரைக்குக் கொடுப்பதுபோலத் தண்ணீர் கொடுத்து, "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்காகவே இந்த முறை தின்பண்டம் கூடுதலாகச் செய்திருந்தாள்.

காங்கேயம் வழியாகக் கொடுமுடி போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் கட்டைக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, எப்படி ஏறுவது என்று யோசித்து நின்றார். இடது கால் கம்பு மாதிரி விறைத்திருந்தது. அவர் திரும்பும்வரைக்கும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"அம்மிணி!" என்றார் நஞ்சுண்டன். முகம் மலர்ந்தது. "பேப்பர்ல பாத்தனுங்க. ரெண்டு நாப்பத்தாறு! நான் சொன்னனல்லங்க?"

சாந்தாமணி தலையை ஆட்டினாள்.

"காங்கேயத்துல மவ ஊடு இருக்குதுங்க. அங்கயே போயிறலாம்னு. இங்க இனி என்ன வேலை?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்னு இருந்தனுங்க. எனக்குப் புள்ளை மேல கோவமெல்லாம் இல்லை. பச்சைப்புள்ளை. ஆனா எதுக்கு அப்பிடிச் சொல்லுச்சுன்னு மட்டும் தெரிஞ்சாத் தேவலைங்க. கண்ணை மூடுனா அதே நெனப்பா இருக்குது. நான் ஏதாச்சும் தப்பா நடந்துட்டனா, எனக்கே தெரியாம?"

அவர் உண்மையாகவே கேட்டார். அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மாசமாகத் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஆளின் முகம் அது.

"பொறாமைங்க மாஸ்டர்" என்றாள் சாந்தாமணி. "நான் நல்லா ஓடறது அவளுக்குப் புடிக்கலை. அதுக்கு அப்பிடிப் பண்ணிப்போட்டா."

"அப்பிடீங்களா?" அவர் மூச்சை விட்டார். பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது. "அதானே. எனக்கு இப்பத்தானுங்க நெஞ்சு ஆறுது. புள்ளையை வைய்யாதீங்க. அறியாத வயசு."

கண்டக்டர் விசில் ஊதினார். நஞ்சுண்டன் கைத்தடியை ஒரு கையில் மாற்றிப் பிடித்து, இன்னொரு கையை அவளிடம் நீட்டினார். சாந்தாமணி அவருடைய அக்குளில் கை கொடுத்துப் படியில் ஏற்றிவிட்டாள். உடம்பு கனமே இல்லை. உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தவர், பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.

"புள்ளையப் பாக்கக் கொடுமுடிக்குத்தானுங்களே அம்மிணி? வாங்க, இதே பஸ்ஸுதான். பேசிட்டே போலாம்."

"இல்லீங்க மாஸ்டர். நான் வேற பக்கம் போறேன்."

பஸ் நகர்ந்தது. அவர் கைகூப்பினார். "தெனமும் ஓடுங்க, உட்றாதீங்க" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார்.

அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. சாந்தாமணி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு, கிளம்பிப் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. வெயில் சாய்ந்தபிறகு அவள் எழுந்து வீட்டுக்குத் திரும்பினாள். மகளுக்கு உடம்பு சரியில்லை, படுத்திருந்தாள், எழுப்பவேண்டாமென்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன் என்று பாலுசாமியிடம் சொன்னாள். அவன் நம்பினான்.